ஹைட்ராலிக் ஸ்டியரிங் மக்கர் செய்தால்: அவுட்போர்டு படகுக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஸ்டியரிங் சரியில்லை என்றதும் பலரும் முதலில் கை வைப்பது வீலுக்குப் பின்னால் இருக்கும் பம்பில்தான். அதுதான் கடைசியாகக் கை வைக்க வேண்டிய இடம். கடலில் ஓடும் படகுகளில் வரும் ஸ்டியரிங் புகார்களில் பெரும்பாலானவை எண்ணெய்க்குள் காற்று புகுந்ததாலோ, எஞ்சின் பக்கம் கிரீஸ் காய்ந்து இறுகியதாலோ வருபவை. இரண்டுமே கரையில் வைத்து, சாதாரண ஸ்பேனர்களோடு சரிசெய்யக்கூடியவை. பம்ப் கெட்டுப்போவதும் உண்டு. ஆனால் அதை நிரூபித்த பிறகு கழற்றினால் போதும்.

இங்கே எடுத்துக்கொள்வது 20 முதல் 25 அடி வரையுள்ள ஃபைபர் படகு, பின்னால் ஒற்றை அவுட்போர்டு எஞ்சின், ஒரே ஒரு ஸ்டியரிங் வீல், எஞ்சினுக்கு முன்னால் குறுக்காகப் பொருத்திய சிலிண்டர். சுற்றுலாப் படகு, டைவிங் படகு, ரோந்துப் படகு எல்லாவற்றிலும் பரவலாக இருக்கும் அமைப்பு இது. சீஸ்டார், அல்ட்ராஃப்ளெக்ஸ் என்று பெயர்கள் மாறினாலும் வேலை செய்யும் விதம் ஒன்றேதான். சீஸ்டாரை 2017-இல் டொமெட்டிக் வாங்கிவிட்டது. 2011 வரை அது டெலிஃப்ளெக்ஸ் என்ற பெயரில் வந்தது. அதனால் பழைய கையேட்டில் ஒரு பெயரும் புது பாகத்தில் வேறு பெயரும் இருந்தால் குழம்ப வேண்டாம்.

உள்ளே என்ன நடக்கிறது

வீலைச் சுற்றினால் டாஷ்போர்டுக்குள் இருக்கும் ஹெல்ம் பம்ப் சுழலும். வலப்பக்கம் சுற்றினால் ஒரு ஹோஸ் வழியாக எண்ணெய் சிலிண்டருக்குப் போகும், மறு ஹோஸ் வழியாக அதே அளவு திரும்பி வரும். இடப்பக்கம் சுற்றினால் இது அப்படியே தலைகீழ். முன்பக்கம் பொருத்தும் சிலிண்டர்களில் பெரும்பாலும் தண்டு அசையாமல் நிற்கும். சிலிண்டரின் உடல்தான் இடமும் வலமும் நகர்ந்து எஞ்சினைத் திருப்பும்.

ஹெல்முக்குள்ளேயே ஒரு பூட்டு வால்வு இருக்கிறது. வீலிலிருந்து வரும் அழுத்தத்தை அது எஞ்சினுக்கு விடும், எஞ்சினிலிருந்து வரும் உதையை வீலுக்கு விடாது. கையை எடுத்தாலும் படகு போன திசையிலேயே போவது இதனால்தான். கூடவே அழுத்தம் அளவு மீறினால் திறந்துகொள்ளும் ரிலீஃப் வால்வும் உண்டு. சீஸ்டார் வகையில் அந்த வரம்பு சுமார் 1,000 பி.எஸ்.ஐ.

ஒரு கணக்கை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பரவலாக இருக்கும் 1.7 கன அங்குல ஹெல்ம், வீலின் ஒரு சுற்றுக்குச் சுமார் 28 மில்லி லிட்டர் எண்ணெயைத் தள்ளும். முன்பக்கச் சிலிண்டர் ஒரு கோடியிலிருந்து மறுகோடி போக ஏறக்குறைய 140 மில்லி லிட்டர் வேண்டும். ஆகவே முழு இடத்திலிருந்து முழு வலத்துக்கு 5 சுற்று. உங்கள் படகின் ஹெல்ம் வேறு அளவாக இருந்தால் எண்ணிக்கையும் மாறும். நன்றாக இருக்கும் நாளிலேயே எண்ணி, எஞ்சின் மூடிக்குள் மார்க்கரால் எழுதி வைத்துவிடுங்கள்.

கோளாறு இல்லாத ஒன்றைக் கோளாறு என்று நினைத்துக் கவலைப்படுபவர்களும் உண்டு. ஹைட்ராலிக் வீலுக்கு நிலையான நடு இல்லை. இன்று நேராகப் போகும்போது மேலே இருந்த கம்பி நாளை சற்றுச் சாய்ந்து நிற்கும். கோடியைத் தொட்ட பிறகும் பலமாகத் திருகினால் வீல் மெல்ல நகரும். இரண்டும் இயல்புதான்.

கரையில் செய்ய வேண்டிய முதல் சோதனை

எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்துவிடுங்கள். நீங்கள் பின்னால் சிலிண்டரில் கை வைத்திருக்கும்போது முன்னால் யாராவது விளையாட்டாக வீலைத் திருப்பினால் விரல் நசுங்கும். உதவிக்கு வருபவரிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஹெல்மின் மேலே உள்ள மூடியைக் கழற்றி எண்ணெய் மட்டத்தைப் பாருங்கள். மரையின் அடிப்பகுதியை ஒட்டி இருக்க வேண்டும். விரல் நுனியில் கொஞ்சம் தொட்டு வெளிச்சத்தில் பாருங்கள். பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. சாம்பல் அல்லது கறுப்பு நிறமென்றால் உள்ளே உலோகமோ சீலோ தேய்கிறது. நுரை இருந்தால் காற்று.

அப்புறம் வீலை முழு இடத்திலிருந்து முழு வலம் வரை திருப்பி எண்ணுங்கள். 5 இருக்க வேண்டிய இடத்தில் 7 வந்தால், இரண்டு சுற்றுக்கு உண்டான 56 மில்லி லிட்டர் சிலிண்டரை நகர்த்தாமல் எங்கோ வீணாகிறது என்று அர்த்தம். ஒன்று, அங்கே காற்று சுருங்குகிறது. இல்லையென்றால் ஏதோ ஒரு சீலைத் தாண்டி எண்ணெய் நழுவுகிறது.

அடுத்து, ஒருவர் எஞ்சினின் கீழ்ப்பகுதியைப் பிடித்து இடமும் வலமும் தள்ளட்டும். வீலை யாரும் தொட வேண்டாம். சற்று நகர்ந்து, விட்டதும் பழைய இடத்துக்கே துள்ளி வந்தால் காற்று. நகர்ந்து அங்கேயே நின்றுவிட்டால் பெரும்பாலும் உள்கசிவு. எஞ்சினோடு சேர்ந்து வீலும் சுழன்றால் பூட்டு வால்வில் அழுக்கு. சிலிண்டர் அப்படியே நிற்க, அதை எஞ்சினோடு சேர்க்கும் இணைப்பு போல்ட் மட்டும் கடகடவென்று ஆடினால் அது ஹைட்ராலிக் கோளாறே அல்ல, போல்ட்டைச் சுற்றியிருக்கும் புஷ் என்ற உறை தேய்ந்திருக்கிறது.

வீல் மெத்தென்று இருக்கிறது: காற்று

எண்ணெய் சுருங்காது, காற்று சுருங்கும். வீலைத் திருப்பினால் பழைய மெத்தையை அழுத்துவது போல ஒரு நெகிழ்வு தெரியும். எஞ்சின் தாமதமாகத்தான் திரும்பும். புதிதாகப் பொருத்திய அமைப்பிலும், ஹோஸ் கழற்றி மாட்டிய பிறகும், எண்ணெய் குறைந்து ஹெல்ம் காற்றை உறிஞ்சிய பிறகும் இது வரும். காற்றை எடுக்காமல் எண்ணெயை மட்டும் ஊற்றி நிரப்பினால் சரியாகாது.

எந்த எண்ணெய் என்பதில் கறாராக இருங்கள். தயாரிப்பாளரின் ஸ்டியரிங் எண்ணெய்தான் முதல் தேர்வு. அது கிடைக்காத இடத்தில், கையேடு அனுமதித்தால், மில்-எச்-5606 தரத்துக்கு உட்பட்ட சிவப்பு நிற விமான ஹைட்ராலிக் எண்ணெய். இவை தண்ணீர் போல ஓடும் மெல்லிய எண்ணெய்கள். நம் ஊர்க் கடைகளில் ஹைட்ராலிக் ஆயில் என்று கேட்டால் மண் அள்ளும் இயந்திரத்துக்கு ஊற்றும் 46 அல்லது 68 கிரேடைத் தருவார்கள். அதை ஊற்றினால் வீல் கல்லாகிவிடும். பிரேக் ஆயிலை மறந்தும் ஊற்றாதீர்கள். அது ரப்பர் சீல்களை ஊதச் செய்து அழித்துவிடும், பிறகு ஹெல்ம், சிலிண்டர் இரண்டுக்கும் சீல் மாற்ற வேண்டியிருக்கும். கியர் பெட்டிக்கான ஏடிஎஃப் எண்ணெய் நடுக்கடல் அவசரத்துக்கு மட்டும்.

ஒற்றை ஹெல்ம், ஒற்றைச் சிலிண்டருக்கு 2 லிட்டர் கையில் இருக்கட்டும். ஒருவர் வீலில், ஒருவர் சிலிண்டரில் என இரண்டு பேர் வேண்டும்.

1. எண்ணெய்ப் புட்டியின் மூடிக்குப் பதிலாக நிரப்பும் குழாயை மாட்டி, மறுமுனையை ஹெல்மின் வாயில் திருகுங்கள். புட்டியைத் தலைகீழாகப் பிடித்து, அடியில் சிறு துளை போடுங்கள். துளை இல்லையென்றால் புட்டி உள்ளே இழுத்துக்கொண்டு எண்ணெய் இறங்காது. ஹெல்ம் நிரம்பிக் குமிழி வருவது நின்ற பிறகு அடுத்த வேலை. இனி முடியும்வரை இந்தக் குழாயில் எண்ணெய் எப்போதும் தெரிய வேண்டும். ஒரு முறை வற்றினால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

2. சிலிண்டரின் இரண்டு பிளீடர்களிலும் (காற்றை வெளியேற்றும் திருகுகள்) தெளிவான பிளாஸ்டிக் குழாய் மாட்டி, மறுமுனைகளை ஒரு சுத்தமான புட்டிக்குள் விடுங்கள்.

3. வீலை வலப்பக்கம் கோடி வரை திருப்புங்கள். இப்போது சிலிண்டரின் ஒரு பக்கம் தண்டு முழுநீளமும் வெளியே தெரியும். அந்தப் பக்கத்துப் பிளீடரை இரண்டு மூன்று சுற்று தளர்த்துங்கள்.

4. பின்னால் இருப்பவர் சிலிண்டரோ எஞ்சினோ நகராமல் பிடித்துக்கொள்ள, முன்னால் இருப்பவர் வீலை எதிர்ப்பக்கம், அதாவது இடப்பக்கம் சுற்ற வேண்டும். பிடிக்காவிட்டால் எண்ணெய் சிலிண்டரைத் தள்ளப் போய்விடும், காற்று வெளியே வராது.

5. குழாயைக் கவனியுங்கள். முதலில் துண்டு துண்டாக வரும், அப்புறம் சோடா போல நுண்ணிய குமிழிகள், கடைசியில் கண்ணாடித் தெளிவாக ஓடும். தெளிந்ததும் உடனே நிறுத்த வேண்டாம், இன்னும் சில சுற்று போகட்டும். ஹோஸின் மேல்வளைவில் ஒளிந்திருக்கும் குமிழி அப்போதுதான் வரும். வீல் சுழன்றுகொண்டிருக்கும்போதே பிளீடரை மூடுங்கள்.

6. அப்படியே இடப்பக்கம் கோடி வரை போய், மறுபக்கப் பிளீடரைத் திறந்து, வீலை வலப்பக்கம் சுற்றி இதையே செய்யுங்கள்.

முடிந்ததா என்று தெரிந்துகொள்ள ஒரு நல்ல வழி உண்டு. நிரப்பும் குழாயைக் கழற்றுவதற்கு முன், வீலைக் கோடியில் வைத்துச் சற்று அழுத்தித் திருகிப் பாருங்கள். அந்தக் குழாயில் எண்ணெய் மட்டம் கண்ணுக்குத் தெரியும்படி இறங்கினால் உள்ளே இன்னும் காற்று இருக்கிறது. இறங்காமல் நின்றால் வேலை முடிந்தது. வெளியேறிய எண்ணெயை மெல்லிய வலையில் வடிகட்டாமல் திரும்ப ஊற்றாதீர்கள். கடலிலும் கொட்டாதீர்கள்.

சில வகைகளில், முக்கியமாக 150 குதிரைத்திறன் வரையிலான சிறு எஞ்சின்களுக்கு வரும் பேஸ்டாரில், பிளீடர் அமைப்பும் வரிசையும் வேறாக இருக்கும். அதற்கு அதன் கையேட்டைத்தான் பார்க்க வேண்டும்.

வீல் கனமாக இருக்கிறது

இதில்தான் தேவையில்லாமல் அதிக ஹெல்ம்கள் கழற்றப்படுகின்றன. செய்ய வேண்டியது ஒரே ஒரு போல்ட்டைக் கழற்றுவது: சிலிண்டரை எஞ்சினின் திருப்பு கையோடு இணைக்கும் போல்ட். கழற்றியதும் வீலைச் சுற்றிப் பாருங்கள். சுலபமாகச் சுற்றினால் ஹைட்ராலிக் பக்கம் ஒரு குறையும் இல்லை, எஞ்சின்தான் இறுகியிருக்கிறது. கையால் எஞ்சினைத் திருப்பிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

எஞ்சின் இறுகக் காரணம் பெரும்பாலும் சுழல் தண்டில் காய்ந்த கிரீஸ். மாதக்கணக்கில் ஓடாமல் வெயிலில் நின்ற படகில் பழைய கிரீஸ் மெழுகு போலக் கெட்டித்திருக்கும். கிரீஸ் நிப்பிளில் கிரீஸ் கன்னை வைத்து அடியுங்கள். ஏறவில்லையென்றால் நிப்பிளைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள், துளையில் ஊடுருவும் எண்ணெயை விட்டு ஒரு நாள் ஊறவிடுங்கள். எஞ்சினை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டே கிரீஸ் அடிக்க வேண்டும். முதலில் பழுப்பு நிறத்தில் துருவும் உப்பும் கலந்து வெளியே வரும். புது கிரீஸ் அதே நிறத்தில் பிதுங்கும் வரை நிறுத்த வேண்டாம்.

இன்னோர் இடம் டில்ட் டியூப், அதாவது எஞ்சினைத் தூக்கி இறக்கும்போது அச்சாக இருக்கும் குறுக்குக் குழாய். சிலிண்டரைத் தாங்கும் தண்டு இதன் வழியாகத்தான் போகிறது. வாயில் வெள்ளையாக உப்புப் பொருக்கு கட்டியிருந்தால் தண்டை உருவி எடுத்து, துடைத்து, கடல் கிரீஸ் பூசி மாட்டுங்கள். மாட்டும்போது இரு முனை நட்டுகளையும் கையேடு சொல்வதற்கு மேல் முறுக்கினால், கிரீஸ் புதிதாக இருந்தாலும் வீல் கனக்கும்.

போல்ட்டைக் கழற்றிய பிறகும் வீல் கனமா? சரி, அப்படியானால் ஹைட்ராலிக் பக்கம் போகலாம். சிலிண்டரில் இரு ஹோஸ்களையும் கழற்றி முனைகளை வாளியில் விட்டு வீலைச் சுற்றுங்கள். இப்போது சுலபமென்றால் சிலிண்டரில் தண்டு வளைந்திருக்கலாம், அல்லது உள்ளே சீல் பிடிக்கிறது. இன்னும் கனமென்றால் ஹோஸைத் தொடக்கம் முதல் முடிவு வரை கையால் தடவிக்கொண்டே போங்கள். எஞ்சினை முழுக்கத் தூக்கி முழுக்கத் திருப்பும்போது ஏதாவது ஒரு மூலையில் மடிகிறதா, கிளாம்பின் கீழ் நசுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். ஹோஸும் சரியென்றால் மிச்சம் இருப்பது தவறான எண்ணெய், அல்லது ஹெல்ம்.

மறுபடி மாட்டும்போது இணைப்பு போல்ட்டுக்குப் புது நைலாக் நட்டு (தானாகக் கழலாதபடி உள்ளே நைலான் வளையம் உள்ளது) போடுங்கள், கையேடு சொல்லும் அளவுக்கு இறுக்குங்கள். பழைய நட்டு அதிர்வில் கழன்றால் ஓடும் படகில் ஸ்டியரிங்கே இருக்காது. இதில் பத்து ரூபாய் மிச்சம் பிடிப்பதில் அர்த்தமில்லை.

படகு தானாக ஒரு பக்கம் நழுவுகிறது

நேராகப் பிடித்திருந்தாலும் அடிக்கடி வீலைத் திருத்த வேண்டியிருக்கிறது என்றால் முதலில் காற்றை எடுங்கள். பிறகும் நழுவினால் உள்கசிவு. அது சிலிண்டரிலா ஹெல்மிலா என்று பிரித்தறியலாம். சிலிண்டரில் ஹோஸ்களைக் கழற்றி, அதன் இரு வாய்களையும் பிளக் போட்டு அடைத்து, எஞ்சினைத் தள்ளுங்கள். எஞ்சின் நகர்ந்தால் சிலிண்டருக்குள் இருக்கும் பிஸ்டன் சீலைத் தாண்டி எண்ணெய் போகிறது. கல் போல நின்றால் சிலிண்டர் நல்லது, குற்றவாளி ஹெல்மின் பூட்டு வால்வு.

ஹெல்மையும் இதே வழியில் சோதிக்கலாம். ஹோஸ்களைக் கழற்றி, அவை மாட்டியிருந்த இரு வாய்களையும் அடைத்துவிட்டு வீலைத் திருப்பினால் கொஞ்சம்கூட ஓடாமல் பூட்டியது போல நிற்க வேண்டும். சாதாரண பலத்துக்கே சுழன்றுகொண்டிருந்தால் ஹெல்ம் தேய்ந்துவிட்டது.

பூட்டு வால்வுக்குள் அழுக்கு எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் நாம் சுற்றிய டெஃப்லான் டேப்பிலிருந்து. ஃபிட்டிங் மரையில் சுற்றும் வெள்ளை டேப்பின் ஒரு நூல் பிய்ந்து எண்ணெயோடு போய் வால்வு இருக்கையில் உட்கார்ந்தால் போதும், வால்வு மூடாது. சீஸ்டார் கையேடுகள் டேப் கூடாது என்றே சொல்கின்றன. திரவ வடிவிலான மரை சீலன்ட் பூசுங்கள், அதுவும் முதல் மரையை விட்டுவிட்டு.

எண்ணெய் ஒழுகுகிறது

எண்ணெய் குறைவது என்பது எங்கோ வெளியே போகிறது என்பதுதான். மூடிய அமைப்பில் எண்ணெய் எரிந்து தீராது. எல்லா இணைப்புகளையும் துடைத்து, ஒவ்வொன்றையும் டிஷ்யூ பேப்பரால் சுற்றி வையுங்கள். ஒருவர் வீலைக் கோடியில் அழுத்திப் பிடிக்கட்டும். எந்தக் காகிதம் முதலில் நனைகிறதோ அங்கே கசிவு.

வீலின் தண்டு ஓரமாக டாஷ்போர்டில் எண்ணெய் வழிந்தால் ஹெல்ம் தண்டு சீல். சிலிண்டர் முனையில் சொட்டினால் அங்கிருக்கும் சீல். தண்டில் மெல்லிய எண்ணெய்ப் படலம் இருப்பது இயல்பு, சொட்டுவதுதான் தவறு. சீல் மாற்றும் முன் தண்டை நகத்தால் கீறிப் பாருங்கள். புள்ளி புள்ளியாகத் துருக்குழி தட்டுப்பட்டால், புது சீலையும் சில வாரத்தில் அது கிழித்துவிடும். தண்டோடு சேர்த்து மாற்றுவதுதான் மிச்சம். மூடியின் காற்றுத்துளை வழியாக எண்ணெய் வந்தால் பெரும்பாலும் அதிகமாக நிரப்பியிருக்கிறோம். வெயிலில் எண்ணெய் விரியும்.

வேகத்தில் மட்டும் ஒரு பக்கம் கனம்

நின்ற படகில் எல்லாம் சரி, வேகத்தில் ஒரு பக்கம் திருப்ப மட்டும் கனமாக இருக்கிறதா? இது புரொபெல்லரின் திருகு விசை. எஞ்சினின் தட்டுக்குக் கீழே, புரொபெல்லருக்கு மேலே துடுப்பு போல இருக்கும் சின்ன டிரிம் டேப்பைப் பாருங்கள். படகு எந்தப் பக்கம் இழுக்கிறதோ, அதன் பின்முனையை அந்தப் பக்கமே சற்றுத் திருப்ப வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி ஓட்டிப் பாருங்கள். எஞ்சினை அதிகமாக மேலே தூக்கி ஓட்டினாலும் இந்த இழுப்பு கூடும்.

இரண்டு வீல், ஆட்டோபைலட்

இரண்டு இடத்தில் ஸ்டியரிங் இருந்தால் காற்றோட்ட மூடி மேல் ஹெல்மில் மட்டும் இருக்க வேண்டும், கீழே முழு மூடி. நிரப்புவதும் மேலிருந்துதான், 3 லிட்டர் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வீலைத் திருப்பினால் மற்றதும் சுழன்றால், சுழலும் ஹெல்மின் பூட்டு வால்வைப் பாருங்கள். ஆட்டோபைலட் பம்ப் இருந்தால் அதன் வால்விலும் கசிவு வரலாம். அதன் இணைப்பை மூடிவிட்டு மேலே சொன்ன சோதனைகளைத் திரும்பச் செய்யுங்கள்.

ஓடிக்கொண்டிருக்கும்போது போய்விட்டால்

முதலில் வேகத்தைக் குறையுங்கள், எல்லோரையும் உட்காரச் சொல்லுங்கள். எஞ்சினை அணைத்த பிறகே பின்னால் போய்ப் பாருங்கள். இணைப்பு போல்ட் கழன்றிருந்தால் கையில் இருக்கும் எந்த போல்ட்டையாவது மாட்டி மெதுவாகக் கரை வரலாம். ஹோஸ் அறுந்திருந்தால் எண்ணெய் ஊற்றிப் பயனில்லை. இரட்டை எஞ்சினென்றால் ஒன்றைக் கூட்டி ஒன்றைக் குறைத்துத் திசை பிடிக்கலாம். ஒற்றை எஞ்சினில் கரையோ பாறையோ பக்கத்தில் இருந்தால் நங்கூரத்தைப் போட்டுவிட்டு, விஎச்எஃப் ரேடியோவின் 16-ஆம் சேனலில் உதவி கேளுங்கள். கயிறு கட்டி எஞ்சினை இழுத்துத் திருப்பலாம் என்று பின்னால் குனிந்து நின்றுகொண்டு எஞ்சினை ஓடவிடாதீர்கள்.

பழுது பார்த்த பிறகு முதல் ஓட்டம் கரையருகே, மெதுவாக இருக்கட்டும். இரு பக்கமும் முழுக்கத் திருப்பி, வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பாருங்கள். திரும்பியதும் டிஷ்யூ பேப்பர்களைப் பிரித்துப் பார்த்து, சுற்றுகளை மறுபடி எண்ணி, ஹெல்மில் மட்டம் இறங்கியிருந்தால் எண்ணெய் சேர்த்துவிடுங்கள். சில மணி நேரம் ஓடிய பிறகு மிச்சக் குமிழி மேலே ஏறி மட்டம் சற்று இறங்குவது உண்டு. இரண்டாம் முறையும் இறங்கினால் மீண்டும் கசிவைத் தேட வேண்டும்.